50 கிழங்குக்கு மேல் பறிக்கத் தடை! சிகாகோவுக்கு பெயர் தந்த காட்டு வெங்காயத்துக்கு என்ன ஆபத்து?

சிகாகோ நகரின் பெயரே ஒரு காட்டு வெங்காயத்திலிருந்து வந்ததுதான் என்கிறார்கள். பழங்குடியினர் வைத்த பெயர் 'ஷிகாக்வா'. இப்போது 'ராம்ப்'.

வட அமெரிக்காவின் கிழக்கே, மேப்பிள், பீச் மரங்கள் அடர்ந்த ஈரமான காடுகள்தான் இதன் வீடு. பனி உருகியதும், மரங்கள் துளிர்த்து நிழல் விழுவதற்குள் அவசர அவசரமாக அகலமான இலை விடும். நிழல் வந்ததும் இலை காய்ந்துவிடும். அதன்பிறகுதான் கோடையில், இலையே இல்லாத ஒற்றைத் தண்டில் வெள்ளைப் பூக்கள் கொத்தாகப் பூக்கும்.

சிக்கல் என்னன்னா, இதன் ருசி! வெங்காயமும் பூண்டும் கலந்த வாசம். வசந்தம் வந்தாலே ஓட்டல்களில் செம கிராக்கி. ஆனால் விதை முளைக்கவே ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம். பூக்க 5 முதல் 7 ஆண்டுகள். ஒரு இலையைக் கிள்ளினால் செடி தப்பிக்கும், கிழங்கோடு பிடுங்கினால் கதை முடிந்தது.

அதனால்தான் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1995 முதல் விற்பனைக்கே தடை. சொந்தத் தேவைக்கு ஒருவர் ஆண்டுக்கு 50 கிழங்கு எடுக்கலாம், அவ்வளவுதான். அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் தேசியப் பூங்காவில் பறிக்கவே கூடாது.

பறிப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. விஷச்செடியான லில்லி ஆஃப் தி வேலியின் இலையும் பார்க்க இதேபோலத்தான் இருக்கும். கசக்கி முகர்ந்தால் வெங்காய வாசம் வர வேண்டும். ஏற்கெனவே பறித்த வாசம் கையில் ஒட்டியிருந்தால் அந்தச் சோதனையும் ஏமாற்றிவிடும்.