அகன்ற துளையும் தளர்ந்த போல்ட்டும்

கொல்கத்தாவின் தென்பகுதியான ஜாதவ்பூரில் மத்தியக் கண்ணாடி, மட்பாண்ட ஆராய்ச்சி நிலையம் 1950-லும், ஜாதவ்பூர்ப் பல்கலைக் கழகம் 1955-லும் தோன்றின. இத்தகைய ஆய்வுக் கூடங்களிலும் பட்டறைகளிலும் கனமான யந்திரங்கள் கான்கிரீட்டுத் தரையோடு போல்ட்டுகளால் பிணைக்கப்படுகின்றன. துளையிடுங்கால் கருவி சற்றே ஆடினும் துளை அகன்று, போல்ட்டு பிடிப்பற்றுப் போகும். அப்போது செய்யத்தக்கது யாது?

முதற்கண் பிடிப்பின் காரணத்தை அறிதல் வேண்டும். விரியும் வகைப் போல்ட்டை முடுக்கும்போது, அதன் கூம்பு முனை மேலேறிச் சுற்றியுள்ள உறையை விரிக்கிறது. உறை துளையின் சுவரை நெருக்குவதால் எழும் உராய்வே சுமையைத் தாங்குகிறது. உறை விரியும் அளவோ மிகச் சிறிது. துளை அதனினும் அகன்றதாயின், எவ்வளவு முடுக்கினும் பயனில்லை.

மரச்சக்கை அடித்து இறுக்குவது பெருவழக்கு. ஆனால் மரம் வங்காளத்து மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும்; பனிக்காலத்தில் உலர்ந்து சுருங்கும்; போல்ட்டு மீண்டும் தளரும். நீர் மிகுந்த சிமெண்டுக் குழம்பும் உலர்ந்தபின் சுருங்கிச் சுவரைவிட்டு விலகும்.

தரையிலுள்ள துளைக்குச் சுருங்காத சிமெண்டுக் கலவை ஏற்றது. அது இறுகுங்கால் உண்டாகும் சிறு விரிவு சுருக்கத்தை ஈடு செய்கிறது. பழைய போல்ட்டை நீக்கி, நெடுகிலும் மரையுள்ள போல்ட்டைக் கொள்க. துளையைத் தூரிகையால் துலக்கித் தூசியை ஊதி அகற்றுக. தூசி எஞ்சின் கலவை சுவரைப் பற்றாது. பின்னர்ச் சுவரை நனைத்து, தேங்கிய நீரை ஒற்றியெடுத்துக் கலவையை நிரப்புக. ஒரு வாரமேனும் ஈரம் காத்த பின்னரே முடுக்குதல் நன்று.

கூரையில் தொங்கும் சுமைக்கு இம்முறையை நம்புதல் ஆகாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 2006 ஜூலை 10 அன்று, சுரங்கச் சாலையின் மேற்கூரைப் பலகைகள் வீழ்ந்து காரில் சென்ற பெண்ணொருவர் உயிரிழந்தார். போல்ட்டுகளைப் பிடித்திருந்த எப்பாக்ஸிப் பிசின், இடைவிடாச் சுமையால் சிறிது சிறிதாக நெகிழ்ந்தமையே காரணமென விசாரணையில் தெளிவாயிற்று. பொருத்திய அன்று உறுதியாய்த் தோன்றுவது என்றும் உறுதியாய் நிற்கும் என்பதற்கில்லை.

ஆகவே கூரையில் தவறிய துளையை வலிய கலவையால் அடைத்துவிட்டு, அதன் ஆழத்தைப்போல் இருமடங்கு தள்ளிப் புதுத் துளை இடுக. இழுக்கப்படும் போல்ட்டு தன்னைச் சுற்றிய கான்கிரீட்டைக் கூம்பு வடிவில் பெயர்க்க முயலும்; பழைய துளை அக்கூம்பினுள் அமைதல் கூடாது. ஏற்கவேண்டிய சுமையினும் மிகுதியாக இழுத்துச் சோதித்த பின்னரே விசிறியை மாட்டுக. அதன் கீழ் அமர்வோர் மாணவர் என்பதை மறத்தல் ஆகாது.