பணம் கட்டியாயிற்று, பாலிசி வரவில்லை

ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பம் கொடுக்கும் நாள் வேறு, காப்பீடு நடைமுறைக்கு வரும் நாள் வேறு. நடுவில் சில நாட்கள் ஓடும். மருத்துவப் பரிசோதனை, வருமானச் சான்று என்று இழுத்தால் வாரக்கணக்கிலும் ஆகும். அந்த இடைவெளியில் விண்ணப்பித்தவர் இறந்துவிட்டால் குடும்பத்துக்குப் பணம் வருமா? கனடாவிலும் அமெரிக்காவிலும் அந்தச் சில வாரங்களுக்கென்றே ஒரு தற்காலிகக் காப்பு உண்டு. இந்தியாவில் வழக்கமான தனிநபர் பாலிசிகளுக்கு அப்படி ஒன்று கிடையாது. முதல் தவணையைக் கட்டி ரசீது வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும் என்பது சந்தேகம்தான்.

பிரபோசல் என்று எல்லோரும் சொல்லும் விண்ணப்பம் வெறும் கோரிக்கை மட்டுமே. அதோடு பணம் கொடுத்தால் அது டெபாசிட்டாகக் கணக்கில் நிற்கும். எல்.ஐ.சி. வட்டாரத்தில் இதை ‘பி.ஓ.சி. போட்டாச்சு’ என்பார்கள். பணம் கிளைக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அந்த ரசீதுக்குப் பொருள் இல்லை. அதன் பிறகு வயது, உயரம், எடை, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், ஏற்கெனவே எத்தனை பாலிசி என்று பார்ப்பார்கள். தொகை பெரிதானால் ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, மூன்றாண்டு வருமான வரிக் கணக்கு என்று பட்டியல் நீளும். எல்லாம் சரியாக இருந்து, அதிகாரம் உள்ள அலுவலர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் டெபாசிட் பிரீமியமாக மாறுகிறது. முதல் பிரீமியம் ரசீது வருகிறது. காப்பீடு தொடங்கியது என்பதற்கு அத்தாட்சி இரண்டாவதாக வரும் இந்த ரசீதுதான்.

மோட்டார் காப்பீட்டில் இப்படி இல்லை. பாலிசி கைக்கு வரும்வரை 60 நாளுக்குச் செல்லுபடியாகும் கவர் நோட் கொடுத்துவிடலாம். வண்டியின் தயாரிப்பு ஆண்டையும் மாடலையும் பார்த்தாலே அதன் இடர் பெரும்பாலும் தெரிந்துவிடும். மனிதனின் உடம்போ அவனுக்குத் தெரிந்த அளவு நிறுவனத்துக்குத் தெரியாது. நெஞ்சுவலி வந்த மறுநாள் பாலிசி கேட்டு வருபவரும் நல்ல உடம்போடு வருபவரும் ஒரே படிவத்தைத்தான் நிரப்புகிறார்கள். பரிசோதனை முடியும் முன்பே காப்பு உண்டு என்று அறிவித்தால் முதல் வகையினர்தான் முந்திக்கொண்டு வருவார்கள் என்பது நிறுவனங்களின் பயம். எந்த நாட்டில் எந்தத் தற்காலிகக் காப்பை எடுத்துப் பார்த்தாலும், அதன் ஒவ்வொரு நிபந்தனைக்கும் அடியில் இந்தப் பயம்தான் இருக்கிறது.

இந்தியாவில் சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை ஆந்திர வழக்கு ஒன்று தெளிவாக்கியது. ஒருவர் 1960 டிசம்பர் 27 அன்று 50,000 ரூபாய்க் காப்பீட்டுக்கு எல்.ஐ.சி.யில் விண்ணப்பித்தார். அன்றைக்கே மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது. முதல் பிரீமியத்துக்கு 300 ரூபாய்க்கு ஒன்றும் 220 ரூபாய்க்கு ஒன்றுமாக இரண்டு காசோலைகள் கொடுத்தார். முதல் காசோலை உடனே பணமானது. இரண்டாவது மூன்று முறை திரும்பி, கடைசியில் 1961 ஜனவரி 11 அன்றுதான் பணமாயிற்று. மறுநாள், ஜனவரி 12 அன்று, அவர் இறந்துபோனார்.

அவர் மனைவி காப்பீட்டுத் தொகையைக் கேட்டார். ஒப்பந்தமே ஏற்படவில்லை என்றது எல்.ஐ.சி. கீழ்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. உயர் நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1984 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இறப்புக்கும் தீர்ப்புக்கும் நடுவே 23 ஆண்டுகள். பிரீமியத்தை வாங்கி வைத்துக்கொண்டது ஏற்பு ஆகாது, பதில் சொல்லாமல் இருந்ததும் ஏற்பு ஆகாது, பாலிசி ஆவணத்தைத் தயாரித்து வைத்திருந்தால்கூட அதனால் மட்டும் ஏற்பு ஆகிவிடாது என்றது நீதிமன்றம். அந்தத் தொகைக்கான பிரபோசலை ஏற்கும் அதிகாரம் கோட்ட மேலாளருக்கு இருந்தது. அவர் ஏற்றதற்குச் சான்று இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி கோரிக்கையை மறுதரப்பு ஏற்று, அதைத் தெரிவித்தால்தான் ஒப்பந்தம் உண்டாகும். அந்த வழியில் நின்ற இந்தத் தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 64விபி என்று ஒரு பிரிவு இருக்கிறது. பிரீமியம் முன்கூட்டியே வந்து சேராமல் எந்த நிறுவனமும் இடரை ஏற்கக் கூடாது என்பது அதன் சாரம். பணம் வராமல் காப்பு இல்லை என்றால், பணம் வந்துவிட்டால் காப்பு உண்டு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பிரிவு அப்படிச் சொல்லவில்லை. பணமும் வேண்டும், ஏற்பும் வேண்டும்.

இந்த நிலைமையைப் பிற்காலத் தீர்ப்பு ஒன்று சற்றே தளர்த்தியது. வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்த காப்பீடு தொடர்பான வழக்கில், 2018-இல், உச்ச நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் நின்றது. மௌனம் பொதுவாக ஏற்பு ஆகாது என்பதை அது மறுக்கவில்லை. ஆனால் நிராகரிப்பதென்றால் அதை நியாயமான காலத்துக்குள் முடிவுசெய்து தெரிவித்திருக்க வேண்டும், பணத்தையும் வைத்துக்கொண்டு வாயையும் மூடிக்கொண்டு இருந்துவிட்டு, இறப்புக்குப் பிறகு ஒப்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது என்ற பொருளில் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டே, பிரபோசலோ கேட்ட ஆவணமோ வந்த 15 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்திருந்தது.

பிரபோசல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துக்கு மேல் ஓர் உறுதிமொழி இருக்கும். முகவர் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களில் அதைப் படிப்பவர் குறைவு. எல்.ஐ.சி. படிவத்தில் அது சொல்வது இது: விண்ணப்பம் கொடுத்த பின், முதல் பிரீமியம் ரசீது வரும் முன், உடல்நிலையிலோ தொழிலிலோ பணநிலையிலோ மாற்றம் ஏற்பட்டால் அதை உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை முடிந்த மறுவாரம் சர்க்கரை நோய் தெரியவந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். காப்பு இல்லாத காலத்திலும் உண்மை சொல்லும் கடமை விண்ணப்பதாரருக்கு உண்டு. இடைவெளியின் சுமை ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

பாலிசியில் அச்சாகியிருக்கும் தேதியும் குழப்பம் தரக்கூடியது. வயது ஒன்று குறைந்தால் பிரீமியம் குறையும் என்பதற்காகத் தொடக்கத் தேதியைச் சில மாதம் பின்னுக்குத் தள்ளி வாங்குவது பழைய வழக்கம். முகவர்கள் ‘பேக் டேட்டிங்’ என்பார்கள். இப்படி வாங்கிய பாலிசியில் ஏப்ரல் என்று போட்டிருந்தாலும், ஏற்றது நவம்பரில் என்றால் காப்பு நவம்பரிலிருந்துதான். நடுவில் போன மாதங்களுக்குப் பிரீமியம் உண்டு, காப்பு இல்லை. குழந்தைகள் பெயரில் எடுக்கும் சில பாலிசிகளில் இந்த வேறுபாடு இன்னும் பெரியது. எல்.ஐ.சி.யின் ஜீவன் தருண் திட்டத்தில் 8 வயது நிரம்பாத குழந்தைக்குக் காப்பு தொடங்க இரண்டு ஆண்டுவரை ஆகலாம்.

மருத்துவப் பரிசோதனையே இல்லாமல் உடனே சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள் அதே பயத்தை வேறு வழியில் சமாளிக்கின்றன. பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். காப்பு 2 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை ஓராண்டுதான் ஆயுள். பிறகு புதுப்பிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர் முதல் 30 நாளுக்குள் நோயால் இறந்தால் பணம் கிடையாது, விபத்தில் இறந்தால் உண்டு. விபத்தை யாரும் முன்கூட்டித் தெரிந்துகொண்டு வந்து சேர முடியாது என்பதுதான் கணக்கு.

அமெரிக்காவில் முகவர் முதல் பிரீமியத்தோடு விண்ணப்பத்தை வாங்கும்போது நிபந்தனை ரசீது ஒன்றைக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். அதில் பரவலான வகை இப்படிச் செயல்படும்: விண்ணப்பமும் மருத்துவப் பரிசோதனையும் முடிந்த நாளில் அந்த மனிதர் நிறுவனத்தின் வழக்கமான அளவுகோலின்படி காப்பீடு பெறத் தகுதியானவராக இருந்திருந்தால், காப்பு அன்றிலிருந்தே உண்டு. 5-ஆம் தேதி பரிசோதனை முடிந்து 9-ஆம் தேதி சாலை விபத்தில் இறந்தவரின் கோப்பை மூடிவிட மாட்டார்கள். இறந்தவருடைய ரத்தப் பரிசோதனை முடிவையும் மருத்துவப் பதிவையும் வைத்து, அவர் உயிரோடு இருந்தால் ஏற்றிருப்போமா என்று மதிப்பிடுவார்கள். ஏற்றிருப்போம் என்றால் பணம். இல்லையென்றால் கட்டிய பிரீமியம் மட்டும் திரும்பும்.

இன்னொரு வகை ரசீது, உயிரோடு இருக்கும்போதே தலைமை அலுவலகம் ஒப்புதல் தந்திருக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டது. ஒப்புதல் வந்தால் காப்பு முன்தேதியிட்டுத் தொடங்கும், ஆனால் அதற்குள் இறந்தால் ஒன்றுமில்லை. இது நீதிமன்றத்தில் அடிவாங்கியது. 1945-இல் விண்ணப்பித்து, பிரீமியமும் கட்டிய ஒருவர் ஒப்புதல் வரும் முன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1947-இல் அந்த வழக்கைக் கேட்ட கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதியவர் லேர்னட் ஹேண்ட், அமெரிக்காவின் பேர்பெற்ற நீதிபதிகளில் ஒருவர். காப்பீட்டின் நுணுக்கம் தெரியாத சாதாரண ஆள் அந்த வாசகத்தைப் படித்தால் பரிசோதனை முடிந்த நாளிலிருந்தே தனக்குக் காப்பு உண்டு என்றுதான் எண்ணுவார், வாசகத்தை எழுதியவர்தான் குழப்பத்தின் விளைவை ஏற்க வேண்டும் என்பது அவர் முடிவு. 1954-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், விண்ணப்பமும் பிரீமியமும் கைக்கு வந்தவுடனேயே காப்பு தொடங்கிவிடுகிறது என்று தீர்ப்பளித்தது. ஆந்திர வழக்கில் இருந்த அதே நிலைமைக்கு இங்கே நேர்மாறான விடை. வேறுபாட்டுக்குக் காரணம் ரசீதுதான். அமெரிக்க ரசீது ஏதோ ஒரு வாக்குறுதியைக் கொடுத்தது. அதன் எல்லை எது என்பதே வழக்கு. இந்திய ரசீது எதையும் கொடுக்கவில்லை.

கனடாவில் குழப்பத்துக்கு இடமே வைக்காமல் தற்காலிகக் காப்பைத் தனி ஒப்பந்தமாகவே எழுதிவிடுகிறார்கள். விண்ணப்பத்தோடு இணைந்த ஓரிரு பக்கம்தான். தொடக்கத்தில் சில நேரடிக் கேள்விகள்: இதய நோய், பக்கவாதம், புற்றுநோய் உண்டா, முடிவு வராத பரிசோதனை ஏதும் இருக்கிறதா, முன்பு எந்த நிறுவனமாவது காப்பீடு மறுத்ததா. ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும், ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டாலும் தற்காலிகக் காப்பு கிடையாது. முகவர் பணம் வாங்கவும் கூடாது. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதி, பெரும்பாலும் ஒரு மாதப் பிரீமியத்தைக் கட்டினால் அன்றைக்கே காப்பு தொடங்கும். பிறகு நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் புதிதாக ஏதாவது நோய் தெரியவந்து அதற்குள் அவர் இறந்தாலும், கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்லியிருந்தால் பணம் உண்டு. அமெரிக்க நிபந்தனை ரசீதைவிட இது உறுதியானது என்பது இந்த இடத்தில்தான் தெரிகிறது.

கொடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 30 லட்சம் டாலருக்கு விண்ணப்பித்தாலும் தற்காலிகக் காப்பு 10 லட்சம் டாலரோடு நின்றுவிடுவது சகஜம். தற்கொலைக்குப் பணம் இல்லை. பொய்ப் பதில் கண்டுபிடிக்கப்பட்டால் கட்டிய தொகை மட்டும் திரும்பும். பாலிசி நடைமுறைக்கு வரும் நாளிலோ, மறுப்புக் கடிதம் அனுப்பும் நாளிலோ, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் நாளிலோ, குறித்த கெடு முடியும் நாளிலோ, எது முந்துகிறதோ அதோடு காப்பு முடியும். கெடு பெரும்பாலும் 90 நாள். பரிசோதனைக்குப் போகாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்து, மலிவாகக் காப்பை அனுபவிக்க முடியாது.

இந்தியாவில் ஒழுங்குமுறை ஆணையம் இடைவெளியைக் காப்பால் நிரப்பாமல், அதிலிருந்து பணத்தை எடுத்துவிடும் வழியைப் பிடித்தது. காப்பு உடனே தொடங்கும் திட்டங்களைத் தவிர மற்றவற்றில் பிரபோசலோடு பணம் கேட்கக் கூடாது என்று 2024-இல் உத்தரவு வந்தது. 2025 மார்ச் முதல் ‘பீமா அஸ்பா’ என்ற ஏற்பாடு. பிரீமியத் தொகை விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்கிலேயே யு.பி.ஐ. வழியாக முடக்கி வைக்கப்படும். பிரபோசலை ஏற்ற பிறகே நிறுவனத்துக்குப் போகும். மறுத்தாலோ 14 நாள் கடந்தாலோ முடக்கம் நீங்கிவிடும். உச்சவரம்பு 2 லட்சம் ரூபாய். பணம் எங்கோ மாட்டிக்கொண்டது என்ற குறை இதனால் தீரும். அந்த 14 நாளுக்குள் உயிர் போனால் குடும்பம் நிற்கும் இடம் 1961-இல் நின்ற இடம்தான். உடல்நிலை பற்றிச் சில கேள்வி கேட்டு, விபத்து இறப்புக்கு மட்டுமாவது எல்லாத் திட்டத்திலும் இடைக்காலக் காப்பைக் கட்டாயமாக்குவது நிறுவனங்களைப் பெரிதாகப் பாதிக்காது.

இந்த இடைவெளியில் அதிகம் அடிபடுபவர்கள் புதிதாக வருகிறவர்கள் அல்ல; பழைய பாலிசியை விட்டுப் புதியதற்கு மாறுபவர்கள். பிரீமியம் குறைவு என்று புதிய டெர்ம் பாலிசிக்கு விண்ணப்பித்துவிட்டு, அதே மாதம் பழையதன் தவணையை நிறுத்திவிடுகிறார்கள். ஆயுள் காப்பீட்டில் கருணைக் காலம் என்று தவணை தேதிக்குப் பின் 30 நாள் தருகிறார்கள். மாதத் தவணைக்கு 15 நாள். அதற்குள் புதியதை ஏற்றால் சரி. கூடுதல் பரிசோதனை கேட்டோ, பிரீமியத்தை உயர்த்தியோ, மறுத்தோ பதில் வந்தால் இரண்டும் இல்லாமல் நிற்க நேரும். புதிய நிறுவனத்தின் முதல் பிரீமியம் ரசீது வந்து, அதில் காப்பு தொடங்கும் தேதியையும் பார்த்த பிறகு பழையதை நிறுத்துவதே முறை. இடையில் ஒரு தவணை இரட்டிப்பாகப் போகும். இந்தியாவில் தற்காலிகக் காப்புக்கு ஒருவர் கொடுக்கக்கூடிய விலை அதுதான்.