தரம் மாட்டுக்கா, சாரதிக்கா?

மோட்டை என்பது வன்னிப் பெருநிலத்து மக்கள் சிறு நீர்நிலைக்கு இட்ட பெயர். குளம் என்று சொல்லுமளவுக்குப் பெரிதன்று. ஆயினும் ஒரு குடியிருப்புக்குப் பெயர் தரப் போதுமானது. திருக்கேதீச்சரத்துக்கு வடக்கே, மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் வீதியை ஒட்டிக் கிடக்கும் பாப்பாமோட்டையும் அவ்வாறு பெயர் பெற்ற ஊர்களுள் ஒன்று. மேற்கே கடல், கிழக்கே வயலும் தரவையும். இத்தகைய ஊர்களில் மாட்டைப் பற்றிப் பேசுவது மனிதரைப் பற்றிப் பேசுவதற்குச் சமம். மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றொரு பொருளும் உண்டென்பதைத் தமிழாசிரியர்கள் வகுப்பறையில் விளக்க வேண்டியிருக்கிறது. இங்கே அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

அந்தச் செல்வத்துக்கு இன்று வேலை இல்லை. உழவைச் சில்லு பூட்டிய இயந்திரம் எடுத்துக்கொண்டது. சுமையை லொறி எடுத்துக்கொண்டது. எருதுக்கு எஞ்சி நிற்பது சவாரி ஒன்றே. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்களில் மாட்டு வண்டிச் சவாரி இன்றும் நடக்கிறது. அது வேடிக்கை என்று ஒதுக்கத்தக்கதன்று. நமது கேலிச்சித்திரக் கலைக்கு உயிர் கொடுத்த ‘சிரித்திரன்’ ஆசிரியர் சிவஞானசுந்தரம், ஈழத்துக் கிராமத்து மனிதரைப் படம் பிடிக்க நினைத்தபோது தம் பாத்திரத்துக்குச் சவாரித் தம்பர் என்றல்லவா பெயரிட்டார்! அந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஆளின் நடையும் உடையும் பேச்சும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. சவாரி அத்துணை ஆழமாக வாழ்வில் வேரூன்றியிருந்தது.

சவாரித் திடலுக்குப் போகிறவர் முதலில் கேட்கும் சொல் ‘தரம்’ என்பது. மாட்டுச் சோடிகளை ஏ, பி, சி, டி என்று எழுத்திட்டுப் பிரித்து, ஒரே எழுத்துக்குரிய சோடிகளையே தம்முள் ஓடவிடுவது வழக்கம். பல திடல்கள் கண்டு தேறிய சோடிக்கு ஏ. நேற்று நுகம் கண்ட நாம்பன்களுக்குக் கடைசி எழுத்து. ஏ தரத்துச் சோடியோடு டி தரத்துச் சோடியை ஓடவிட்டால் பாதித் திடலிலேயே முடிவு தெரிந்துவிடும். பார்ப்பவருக்குச் சுவையில்லை, தோற்கும் மாட்டுக்கு அடிதான் மிச்சம். ஆகவே பிரிவு வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

தமிழகத்தார் இதே காரியத்தை வேறு அளவுகோல் கொண்டு செய்கின்றனர். கொங்கு நாட்டு ரேக்ளாவில் பல்லே அளவுகோல். மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. கீழ்வாயிலுள்ள எட்டு முன்பற்களும் இரண்டிரண்டாக விழுந்து முளைக்கின்றன. ஏறத்தாழ இரண்டு வயதைக் கடக்கும்போது முதற்சோடி. பின்னர் ஆண்டுக்கொன்று என்று சொல்லத்தக்க முறையில் மற்றவை. ஐந்து வயதளவில் எட்டும் நிறைந்துவிடும். வாயைத் திறந்து பார்த்தால் வயது தெரிந்துவிடும். இளம்பல் மாடுகளுக்கு 200 மீற்றர், பல் கூடியவற்றுக்கு 300 மீற்றர் என்று ஓட்டம் வகுத்து, வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டுக் கடிகாரத்தில் நேரம் பார்க்கிறார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. பந்தயத்துக்கு வந்த மாட்டைப் பார்க்காமல் விடலாகாது.

மதுரை, தேனிப் பக்கத்தில் மாட்டின் உருவம் கொண்டு வகுப்புகள். அவற்றின் பெயர்கள் தனியழகு வாய்ந்தவை: தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரிய மாடு. சிறிய மாடுகளுக்குப் பறவைகளின் பெயரைக் கொடுத்து, பெரியவற்றை மாடு என்றே அழைத்துவிட்ட அந்த நாட்டுப்புறக் கவிஞன் யாரோ! நமது ஏ, பி, சி, டியை விட இது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். தரம் குறைந்தது என்று சொல்லாமல் ‘தேன்சிட்டு’ என்று சொல்லும்போது தாழ்வு என்னும் எண்ணமே எழுவதில்லை.

ஆயின், இந்தப் பிரிவுகள் யாவற்றையும் சற்று உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பல் மாட்டினுடையது, உயரம் மாட்டினுடையது, எழுத்தும் மாட்டினுடையது. வண்டியில் ஏறி நிற்கும் மனிதனுக்கு எந்தத் தரமும் இல்லை.

டி தரத்தில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன என்று கொள்வோம். ஒன்றில் பதினெட்டு வயது இளைஞன். தந்தை வளர்த்த கன்றுகளைப் பூட்டிக்கொண்டு முதல் தடவையாகத் திடலில் நிற்கிறான். மற்றதிலும் கன்றுகள்தாம், ஆனால் கயிற்றைப் பிடித்திருப்பவர் முப்பது ஆண்டு சவாரி கண்டவர். அதே பகலில் ஏ தரத்திலும் அவரே ஓட்டப்போகிறார். பட்டியலின்படி இது சமமான போட்டி. உண்மையில் அவ்வாறன்று என்பதைத் திடலோரத்துச் சிறுவனும் அறிவான்.

சாரதியின் கை என்பது சிறிய காரியமன்று. இடத்தனும் வலத்தனும் ஒரே சீராக எட்டு வைப்பதில்லை. வேகம் மிகுந்ததை அடக்கி, பின்தங்கியதைத் தூண்டி, நுகம் சரியாமல் வைத்திருக்க வேண்டும். வண்டி துள்ளும்போது உடற்பாரத்தை முன்னும் பின்னும் மாற்ற வேண்டும். எந்த இடத்தில் குரல் கொடுப்பது, எங்கே கொடாமல் விடுவது என்பதைக் கற்க ஆண்டுகள் ஆகும். கற்காதவன் செய்வது ஒன்றே: அடிப்பான். சவாரியின் மீது சுமத்தப்படும் கொடுமைக் குற்றத்தில் பெரும்பகுதி, என் கருத்தின்படி, கை தேறாத சாரதியிடமிருந்தும், அவனைத் தேறியவரோடு மோதவிடும் ஏற்பாட்டிலிருந்தும் பிறப்பது. இது விளையாட்டாக விடத்தக்கதன்று. இலங்கையில் விலங்குகள் மீதான கொடுமையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. தமிழகத்தில் 2014இல் உச்சநீதிமன்றம் ஏறுதழுவுதலோடு வண்டிப் பந்தயத்தையும் நிறுத்தியதும், 2017இல் சட்டம் திருத்தப்பட்டதும், 2023இல் அத்திருத்தத்தை உச்சநீதிமன்றம் ஏற்றதும் நாம் அறிந்தவை.

வெற்றி மாட்டினுடையதா, மனிதனுடையதா என்னும் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. துளு நாட்டின் கம்பளத்தில் எருமைச் சோடிகளை இளையவை, மூத்தவை என்று பிரிப்பர். அவற்றின் பின்னே சேற்றில் ஓடும் மனிதரைப் பிரிப்பதில்லை. 2020 பெப்ரவரியில் சீனிவாச கவுடா என்னும் ஓட்டுநர் 142.5 மீற்றரை 13.62 விநாடியில் ஓடினார் என்ற செய்தி பரவியதும், நாடே அவரை உசைன் போல்ட்டோடு ஒப்பிட்டது. அவரோ பெருமை எருமைகளுக்கே உரியது என்றார். தரம் வகுக்கும்போது மனிதனை மறந்தார்கள். புகழ் வந்தபோது மாட்டை மறந்தார்கள்!

இதே சிக்கலைப் பொம்மைக் கார் ஓட்டுவோரிடத்தும் காணலாம். வானொலி அலையால் இயக்கப்படும் மாதிரிக் கார்களைப் பற்றிச் சொல்கிறேன். 1976இல் ஜப்பானியத் தமியா நிறுவனம் தன் முதல் வானொலிக் காரை வெளியிட்டது. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய இடங்களில் இது பெரியவர்களின் ஓய்வுநேர விளையாட்டாக வளர்ந்தது. உண்மைக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கார் தடத்தில் ஓடும். ஓட்டுபவர் மேடையில் நின்றபடி கைப்பெட்டியால் அதைச் செலுத்துவார். அங்கும் பிரிவுகள் உண்டு. அவையும் பெரும்பாலும் மோட்டாரைக் கொண்டு வகுக்கப்பட்டவை. மோட்டாருக்குள் சுற்றிய கம்பியின் சுற்று குறையக் குறைய வேகம் கூடும். எனவே 17.5 சுற்று, 13.5 சுற்று என்றெல்லாம் எல்லை கட்டினார்கள். வேகம் குறைந்த மோட்டார் வகுப்பு சாதாரண ஆர்வலருக்கு உரியது என்பது முதல் எண்ணம். நடந்தது என்ன? கைதேர்ந்தவர்களும் அந்த வகுப்பிலேயே வந்து குவிந்தார்கள். மோட்டார் மெதுவானதே, விரல்கள் மெதுவானவை அல்லவே! புதியவன் தன் காரைத் திருப்பி நிறுத்துவதற்குள் அவர்கள் இரண்டு சுற்று முடித்திருப்பார்கள்.

அவர்கள் கண்ட பரிகாரங்கள் சில நம் கவனத்துக்குரியவை. ஒன்று, மோட்டாரை விட்டு மனிதனுக்கே வகுப்பு: புதியவர், இடைநிலையாளர், தேர்ந்தவர். ஆனால் புலி பதுங்குவது பாய்ச்சலுக்கு என்றாற்போல், தேர்ந்தவராயிருந்தும் புதியவர் வகுப்பில் பதுங்கிக் கிண்ணத்தைத் தட்டிச் செல்வோர் அங்கும் உண்டு. ஆகவே இத்தனை முறை வென்றால் மேல் வகுப்புக்கு ஏறியே ஆகவேண்டும் என்று பல இடங்களில் விதி செய்தார்கள். மற்றொன்று, பேரையும் புகழையும் பாராமல் அன்றைய தகுதி ஓட்டத்தின் நேரத்தை மட்டும் பார்ப்பது: முதற்பத்துப் பேர் ஏ இறுதியோட்டத்தில், அடுத்த பத்துப் பேர் பி இறுதியோட்டத்தில், பி ஓட்டத்தில் வென்றவனை ஏ ஓட்டத்தின் வாலில் சேர்த்துக்கொள்வதும் உண்டு. அன்றைய நேரமே பேசுவதால் வாக்குவாதத்துக்கு இடம் குறைவு.

இவற்றையெல்லாம் விட என்னைக் கவர்ந்தது மூன்றாவதான சிறு வழக்கம். ஓர் ஓட்டத்தில் ஓடி முடித்தவர்கள் அடுத்த ஓட்டத்தின்போது தடத்தின் வளைவுகளில் போய் நிற்க வேண்டும். கவிழ்ந்த கார்களைத் தூக்கி நிமிர்த்திவிட வேண்டும். முதல்வராக வந்தவரும் விலக்கல்லர். தேர்ந்தவர் குனிந்து புதியவனின் காரை நிமிர்த்துகிறார். எந்த வளைவில் ஏன் கவிழ்ந்தது என்பதை அருகில் நின்று பார்க்கிறார். ஓட்டம் முடிந்ததும் அதைச் சொல்கிறார்.

குதிரைப் பந்தயத்தார் பிரிக்காமலே சமப்படுத்தும் வழி கண்டார்கள். 1850களில் இங்கிலாந்தின் அட்மிரல் ரௌஸ் வயதுக்கேற்ற சுமை அட்டவணை வகுத்தார். வலிய குதிரைக்குக் கூடுதல் பாரம். அந்த வழி நமக்கு ஆகாது. ஓடும் எருதின் மேல் ஈயம் ஏற்றுவதை எந்தச் சவாரிக்காரரும் ஒப்பமாட்டார், ஒப்பவும் கூடாது.

நம் இலக்கியத்திலும் இந்தச் சிந்தனைக்கு ஒரு சான்று இருக்கிறது. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உமணரின் உப்பு வண்டியைக் காட்டுகிறார். எருதுகள் இளையவை, நுகம் அறியாதவை. வண்டியிலோ பாரம் மிகுதி. வழியோ மேடும் பள்ளமும். அதற்காக உமணர் வண்டியின் கீழே மாற்று அச்சொன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். இளைய எருது தவறும் என்பதை அறிந்தே அதை வழியில் இறக்கினார்கள். தவறினால் தாங்க ஒன்றை உடன் வைத்தார்கள். உப்பளங்கள் உள்ள மன்னார்க் கரையில் இருந்து இப்பாட்டைப் படிக்கும்போது அச்சு முறியும் ஓசையே காதில் விழுகிறது.

மன்னார்ப் பெருநிலத்தில் இந்த மாற்று அச்சு ஒரு தலைமுறைக்கு இல்லாமற் போயிற்று. 2007, 2008ஆம் ஆண்டுகளில் மாந்தை மேற்கின் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாயின. மக்கள் கிளிநொச்சிக்கும் அப்பால் முல்லைத்தீவுக்கும் ஓடினர். 2009இல் போர் முடிந்து அவர்கள் மீண்டபோது கன்றும் இல்லை, வண்டியும் இல்லை. தந்தையின் பின்னே வண்டியில் நின்று கயிறு பிடிக்கப் பழகவேண்டிய வயதில் முகாமில் நின்றவர்கள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார்கள். சவாரி மீண்டது, சாரதிமார் இடையில் ஓர் அடுக்கே இல்லை. முதியவர் சிலர், மிக இளையவர் பலர். இத்தகைய நிலத்தில் கன்றுக்கு டி என்று எழுத்திட்டுவிட்டு, அதை ஓட்டுபவன் யாரென்று பாராமல் விடுவது சரியாகுமா?

“ஊருக்குள் யார் தேறியவர், யார் புதியவர் என்பது எல்லாருக்கும் தெரியும், பட்டியல் எதற்கு?” என்று கேட்போர் உண்டு. பாப்பாமோட்டையானும் அடம்பனானும் மட்டும் ஓடும் நாளில் அது சரி. யாழ்ப்பாணத்திலிருந்தும் விசுவமடுவிலிருந்தும் வண்டிகள் வரும் நாளில் யார் யாரை அறிவார்? ஆகவே கடைசித் தரத்தில் சாரதிக்கும் ஒரு நிபந்தனை வைக்கலாம்: முன்னர் எத்தரத்திலும் முதலிடம் பெறாதவரே கயிறு பிடிக்கலாம், வென்றவர் அடுத்த சவாரியில் மேலே ஏறவேண்டும். பரிசையும் சிறிதாக வைக்க வேண்டும். பெரும்பணம் வைத்தால் பதுங்குவதற்கு ஆள் வராமல் இருக்கமாட்டார்.

ஆயினும் பிரிவு ஒன்றே போதாது. புதியவரைத் தனியே ஓடவிட்டால் அவர்கள் ஒருவரது பிழையை மற்றவர் கற்பர். நம் உழவர் மாட்டைப் பழக்கும் முறையைப் பாருங்கள். புது மாட்டைப் புது மாட்டோடு பூட்டுவதில்லை. பழகிய முதுமாட்டின் பக்கத்தில் பூட்டுகிறார்கள். முதுமாடு நின்றால் அது நிற்கும், நடந்தால் நடக்கும். சில மாதங்களில் நுகத்தின் பாடம் முடிந்துவிடும். மாட்டுக்குச் செய்ததை மனிதனுக்கும் செய்யலாமே. கடைசித் தரத்து வண்டியில் இளைஞன் கயிறு பிடிக்க, ஏ தரத்துச் சாரதி ஒருவர் அவனுக்குத் துணையாக ஏறி நிற்கட்டும். அவர் வாயால் சொல்லலாம். கையிலே தடி கூடாது. கயிற்றைத் தொட்டாரானால் அந்த ஓட்டம் கணக்கில் இல்லை. வண்டி சரியப்போகும் வேளையில் மட்டும் அவர் தொடலாம். அப்போது பரிசு போகும், மாடும் பிள்ளையும் தப்பும்.