விரல் நுனியில் வீடியோத் தொகுப்பு

உயர்தர மாணவி, கலைப் பிரிவு

எங்கள் தமிழ் மன்றத்தின் வீடியோப் போட்டிக்காக, உம்மும்மா பன்பாய் இழைப்பதைக் கைபேசியில் பதிவு செய்தேன். பன்னைச் சாயத்தில் அவிப்பது முதல் பாயின் ஓரத்தை மடிப்பது வரை எல்லாமாக 100 நிமிடங்கள். போட்டிக்குத் தேவையானதோ 7 நிமிடங்கள் மட்டுமே.

வீட்டில் இருப்பது ஒரேயொரு மடிக்கணினி. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு அது காக்காவுக்கு வேண்டும். "சோதினை வருது மகள், ஒரு மணித்தியாலத்துக்கு மேல அதுல இருக்கப்படாது" என்று உம்மாவும் சொல்லிவிட்டார்.

முதல் மூன்று இரவும் மௌஸினாலேயே வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கருவியைத் தேடி, அம்புக்குறியை நகர்த்தி, சரியான இடத்தில் வைத்து அழுத்த வேண்டும். மூன்றாம் இரவு முடியும்போது இரண்டு நிமிடம்தான் தயாராகியிருந்தது. மணிக்கட்டும் வலித்தது. அதை உம்மும்மாவிடம் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு கெதியாவா பேசின?" என்று கேட்டார்.

அப்போதுதான் என் பிழை விளங்கியது. அவர் பேசாமல் நின்ற இடங்களையெல்லாம் வீண் என்று நினைத்து வெட்டியிருந்தேன். "இது எங்கட உம்மா காட்டித் தந்த பின்னல்" என்று சொல்லுமுன் பாயைத் தடவியபடி அவர் மௌனமாக இருந்ததும் அப்படிப் போய்விட்டது. மௌஸுடன் போராடிய அவசரத்தில் நான் காட்சியைப் பார்க்கவே இல்லை.

நல்ல வேளையாக, தொகுப்பு மென்பொருளில் நாம் வெட்டுவதால் மூலப் பதிவு அழிவதில்லை. எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிப்பது என்ற குறிப்பை மட்டுமே அது வைத்துக்கொள்கிறது. ஆகவே மறுபடி தொடங்க முடிந்தது. இம்முறை முதலில் குறுக்குவிசைகளைப் படித்தேன்.

நான் பயன்படுத்துவது ஷொட்கட் என்ற இலவச மென்பொருள். பெயரைக் கேட்டு அதுவே குறுக்குவழி என்று எண்ணிவிட வேண்டாம். குறுக்குவழி அதன் விசைகளில் இருக்கிறது.

முதலில் ஓட்டும் விசைகள். உங்கள் விசைப்பலகையில் 'ஜே' விசையைத் தடவிப் பாருங்கள், சிறிய மேடு ஒன்று தட்டுப்படும். வலது சுட்டுவிரலை அதில் வைத்தால் அடுத்த இரு விரல்களும் 'கே', 'எல்' ஆகியவற்றின் மேல் தானாக அமரும். 'எல்' வீடியோவை முன்னே ஓட்டும், 'கே' நிறுத்தும், 'ஜே' பின்னே ஓட்டும். 'எல்' விசையை மீண்டும் மீண்டும் தட்டினால் வேகம் கூடும். உம்மும்மாவின் கை மட்டும் ஒரே மாதிரி இயங்கும் நீண்ட பகுதிகளை இப்படித்தான் கடந்தேன். இட, வல அம்பு விசைகள் ஒவ்வொரு படமாக நகர்த்தும். என் கைபேசி விநாடிக்கு 30 படங்களைப் பதிவு செய்கிறது. எனவே ஒரு தட்டலில் விநாடியின் முப்பதில் ஒரு பங்கு நகரலாம். மௌஸினால் இந்த நுட்பம் எளிதில் வராது.

அடுத்தது தெரிவு செய்யும் விசைகள். பதிவைத் திறந்து, வேண்டிய பகுதியின் தொடக்கத்தில் 'ஐ', முடிவில் 'ஓ', பின்னர் 'ஏ' என்று அழுத்தினால் அந்தப் பகுதி மட்டும் டைம்லைனின் கடைசியில் போய்ச் சேரும்.

மூன்றாவது வெட்டும் விசைகள். டைம்லைனில் 'எஸ்' அழுத்தினால், கோடு நிற்கும் இடத்தில் காட்சி இரண்டாகப் பிரியும். வேண்டாத பகுதியின் இரு முனைகளிலும் 'எஸ்' அழுத்தி, நடுத்துண்டைத் தெரிவு செய்து 'எக்ஸ்' அழுத்தினால் துண்டு நீங்கி இடைவெளியும் மூடிவிடும். இடைவெளி அப்படியே இருக்க வேண்டுமானால் 'இஸட்'. தவறு நேர்ந்தால் கொன்ட்ரோலுடன் 'இஸட்' அழுத்தினால் முன்னைய நிலை திரும்பும். கொன்ட்ரோலுடன் 'எஸ்' சேமிக்கும். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத வீடுகளில் இதுதான் முதல் பாடம்.

ஒரு எச்சரிக்கை. தலைப்பு எழுதும் பெட்டிக்குள் கர்சர் நிற்கும்போது 'எஸ்' அழுத்தினால் காட்சி வெட்டுப்படாது, எழுத்துத்தான் விழும். தமிழில் தலைப்பு எழுதியபின் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்ததால் என் கணினியில் விசைகள் வேலை செய்யாத நாளும் உண்டு. மென்பொருள் பழுது என்று எண்ணி அரை மணித்தியாலம் வீணாக்கினேன்.

வேறு மென்பொருள் பயன்படுத்துவோருக்கும் இது உதவும். பிரீமியர் புரோ, டாவின்சி ரிசோல்வ் ஆகியவற்றிலும் 'ஜே', 'கே', 'எல்', 'ஐ', 'ஓ' இதே வேலையைத்தான் செய்கின்றன. வெட்டும் விசை மட்டும் மாறும். பிரீமியரில் கொன்ட்ரோலுடன் 'கே', ரிசோல்வில் கொன்ட்ரோலுடன் 'பி'.

எவ்வளவு நேரம் மிச்சம்? கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். மௌஸினால் ஒரு வெட்டுக்கு ஏறத்தாழ 10 விநாடி, விசைகளால் 3 விநாடி. நான் செய்த 120 வெட்டுகளுக்கு மிஞ்சியது 14 நிமிடம்தான். கேட்க அதிகமில்லை. ஆனால் என் ஒரு மணித்தியாலத்தில் அது ஏறக்குறைய கால்வாசி. அதைவிட, கண் அம்புக்குறியைத் தேடி அலையாமல் உம்மும்மாவின் முகத்திலேயே இருந்தது. எதை வெட்டுவது என்பதை எந்த விசையும் சொல்லித் தராது. அதை யோசிக்க நேரம் தருவதுதான் விசைகளின் வேலை.

சகோதரிகளே, எல்லா விசைகளையும் ஒரே நாளில் பாடமாக்க முயல வேண்டாம். முதல் நாள் 'ஜே', 'கே', 'எல்' மட்டும் போதும். மறுநாள் 'எஸ்', 'எக்ஸ்'. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டுங்கள். ஒரு வாரத்தில் அந்தக் காகிதம் தேவைப்படாது. பெற்றோரே, பிள்ளை கணினி முன் இருப்பதைக் கண்டால் என்ன செய்கிறாள் என்று ஒருமுறை பக்கத்தில் இருந்து பாருங்கள். என் உம்மா அப்படித்தான் வந்து அமர்ந்தார்.

அடுத்த நான்கு இரவுகளில் 7 நிமிடமும் தயாரானது. அதில் 11 விநாடி உம்மும்மா எதுவும் பேசவில்லை. பாயை மட்டும் தடவுகிறார். அந்த இடம் வந்தபோது உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.