ஓடும் பெல்ட்டில் விமானம் பறக்குமா? அத்திப்பட்டிலிருந்து ஒரு விளக்கம்

அத்திப்பட்டுக்காரர்களுக்கு கன்வேயர் பெல்ட் புதிதல்ல. ஒடிசாவின் பாராதீப்பிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்கி, பெல்ட் வழியாகத்தான் வடசென்னை அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. 2001-ல் அந்தத் துறைமுகம் திறக்கப்பட்டதே முக்கியமாக இந்த நிலக்கரிக்காகத்தான்.

இப்போ ஒரு கற்பனை. அந்த பெல்ட்டை ரன்வே அளவுக்கு அகலமாக, நீளமாகச் செய்து, அதன்மேல் ஒரு பயணிகள் விமானத்தை நிறுத்துகிறோம். விமானம் எந்த வேகத்தில் முன்னே போகிறதோ, அதே வேகத்தில் பெல்ட் பின்னே ஓடும். விமானம் மேலே எழும்புமா? இல்லை, நின்ற இடத்திலேயே சக்கரம் மட்டும் சுற்றுமா?

நண்பர்கள் வட்டத்தில் கேட்டுப் பாருங்கள், சண்டையே வரும். சட்டெனத் தோன்றும் பதில் 'பறக்காது'. சரியான பதில், பறக்கும்!

ஏன் 'பறக்காது' என்று தோன்றுகிறது?

ஜிம்மில் டிரெட்மில் மேல் எவ்வளவு ஓடினாலும் எதிர்ச்சுவரைத் தொட முடியாது. காரும் அப்படித்தான். இன்ஜின் சக்கரத்தைச் சுழற்றுகிறது, சக்கரம் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறது, கார் முன்னே போகிறது. தரையே அதே வேகத்தில் பின்னால் ஓடினால், கார் இருந்த இடத்திலேயே நிற்கும். அத்திப்பட்டு நிலக்கரிக்கோ சொந்த இன்ஜினே கிடையாது. பெல்ட்டின் உராய்வுதான் அதை நகர்த்துகிறது. பெல்ட் நின்றால் கரியும் நிற்கும்.

இந்தப் பழக்கத்தில் விமானத்தையும் ஒரு பெரிய காராக நினைத்துவிடுகிறோம். சிக்கல் அங்கேதான்.

விமானம் எதைத் தள்ளுகிறது?

ரன்வேயில் ஓடும் விமானத்தின் சக்கரங்களை இன்ஜின் சுழற்றுவதில்லை. அவை சும்மா உருளும் சக்கரங்கள், சூட்கேஸ் சக்கரம் மாதிரி. இன்ஜின் காற்றைப் பின்னால் தள்ளுகிறது. பதிலுக்குக் காற்று விமானத்தை முன்னே தள்ளுகிறது. கீழே தரை ஓடுகிறதா, நிற்கிறதா என்பது இன்ஜினுக்குத் தெரியவே தெரியாது.

கணக்கிலும் பார்க்கலாம். சுமார் 79 டன் எடையுள்ள ஏர்பஸ் ஏ320 நியோவின் இரண்டு இன்ஜின்களும் சேர்ந்து ஏறத்தாழ 24 டன் எடைக்குச் சமமான விசையில் தள்ளும். பெல்ட்டால் விமானத்தைப் பின்னுக்கு இழுக்க முடிவது சக்கரத்தின் உருளல் உராய்வு வழியாக மட்டும்தான். அது ஒன்றிரண்டு டன் அளவுக்குள் அடங்கிவிடும். 24-க்கு 2 என்றால் யார் ஜெயிப்பார்கள்?

வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

மேசைமேல் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பொம்மை காரை வையுங்கள். ஒருவர் தாளைப் பின்னால் இழுக்க, நீங்கள் விரலால் காரை முன்னே தள்ளுங்கள். சக்கரம் வேகமாகச் சுற்றும், ஆனால் கார் உங்கள் விரல் போகும் இடத்துக்குப் போகும். அந்த விரல்தான் விமானத்தின் இன்ஜின்.

அமெரிக்காவின் 'மித்பஸ்டர்ஸ்' நிகழ்ச்சி 2008 ஜனவரியில் இதை நிஜமாகவே செய்து காட்டியது. நீளமான தார்ப்பாயை ஒரு வண்டி பின்னோக்கி இழுக்க, அதன்மேல் சிறிய ரக விமானம் எதிர்த்திசையில் ஓடியது. விமானம் பறந்தேவிட்டது.

அப்போ பெல்ட்டால் பாதிப்பே இல்லையா?

உண்டு, டயருக்கு. ஏ320 மாதிரி விமானம் மணிக்கு சுமார் 260 கி.மீ. வேகத்தில் எழும்பும் என்று வைத்துக்கொள்வோம். பெல்ட்டும் எதிரே 260-ல் ஓடினால், சக்கரம் 520 கி.மீ. வேகத்தில் சுற்ற வேண்டும். பயணிகள் விமான டயர்கள் பலவும் சுமார் 360 கி.மீ. வரைக்கும்தான் தாங்கும். அதாவது இயற்பியல் 'பறக்கலாம்' என்று சொன்னாலும், டயர் வெடிக்கும் ஆபத்து இருக்கிறது.

சிலர் கேள்வியைக் கொஞ்சம் மாற்றுவார்கள்: 'சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஈடாக பெல்ட் ஓடினால்?' விமானம் ஓர் அடி நகர்ந்தாலே சக்கரத்தின் வேகம் பெல்ட்டைத் தாண்டிவிடும். பெல்ட் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு முடிவே கிடையாது. அப்படியொரு பெல்ட்டைச் செய்ய முடியாது.

பெல்ட் இருந்தால் நீள ரன்வே தேவையில்லையா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். விமானம் பறக்கும் என்றால், நின்ற இடத்திலிருந்தே எழும்பும் என்று அர்த்தமல்ல. விமானத்தைத் தூக்குவது இறக்கைமேல் பாயும் காற்று. சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் இறக்கைக்குக் காற்று கிடைக்காது. அதனால் பெல்ட்டின் மேலும் விமானம் முழுத் தூரம் ஓடியே ஆக வேண்டும்.

உதவக்கூடியது எதிர்க்காற்றுதான். எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், தரையில் 240 கி.மீ. வேகமே போதும், ஓட வேண்டிய தூரமும் குறையும். முடிந்தவரை காற்றுக்கு எதிராகவே விமானங்களைக் கிளப்புவது இதனால்தான். பின்காற்று என்றால் கணக்கு தலைகீழ்.

பெல்ட் ஒன்றைப் போட்டு ரன்வேயைச் சுருக்க முடியும் என்றால், மீனம்பாக்கத்தில் 3.6 கி.மீ. ரன்வே தேவைப்பட்டிருக்காது. பரந்தூரில் 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் கேட்டு, ஏகனாபுரம் மக்கள் போராட வேண்டிய நிலையும் வந்திருக்காது. இறக்கைக்குத் தேவை காற்று, காற்றுக்குத் தேவை வேகம், வேகத்துக்குத் தேவை தூரம். இதில் குறுக்குவழி இல்லை.

அடுத்த முறை யாராவது இந்தப் புதிரைப் போட்டால், பதிலுக்கு ஒரே கேள்வி கேளுங்கள்: "அது எதைத் தள்ளி நகருது?" கார் என்றால் தரை, விமானம் என்றால் காற்று. விடை அங்கேயே கிடைத்துவிடும்.