கயிற்றில் ஒட்டிய மணலிலிருந்து குடல் புற்றுநோய் வரை... துளிக் கதிர்வீச்சின் கதை தெரியுமா?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நடந்திருக்கிறீர்களா? சுக்கும் மிளகும் மூக்கைத் துளைக்கும். காயலுக்கு முதுகைக் காட்டியபடி பழைய குடோன்கள் வரிசையாக நிற்கும். இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய சரக்கு என்றதும் நமக்கு மிளகுதான் ஞாபகம் வரும். ஆனால் அணு வரலாற்றில் இடம் பிடித்தது மிளகல்ல, கயிறு! 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கூர்ந்து பார்த்தார். மஞ்சளும் பழுப்புமாக இருந்த அந்தத் துகள்தான் மோனசைட். அதற்குள்ளே தோரியம்! ஓரிரு ஆண்டுகளுக்குள் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலையே எழுந்துவிட்டது. இன்று அந்த ஊர் நம் குமரி மாவட்டத்தில் இருக்கிறது.

தோரியத்துக்கு அப்படி என்ன அவசரம்? விளக்குக்குத்தான்! ஊர்வலத்தில் தலையில் சுமந்து வருவார்களே, பெட்ரோமாக்ஸ் விளக்கு, அதன் மேன்டிலை நினைத்துப் பாருங்கள். பட்டுப்போல மெல்லிய ஒரு குட்டிப் பை. கட்டி, முதல்முறை பற்றவைத்ததும் நூலெல்லாம் எரிந்து போய்விடும். ஆனால் பையின் வடிவம் அப்படியே சுண்ணாம்பு வெள்ளையில் தொங்கும். விரல் பட்டால் பொடிப்பொடி. கண்ணைப் பறிக்கிற அந்த வெள்ளைச் சாம்பல் ஏறக்குறைய முழுக்கத் தோரியம் ஆக்சைடு! எத்தனை கல்யாணங்களுக்கு, எத்தனை தெருக்கூத்துக்கு ஒரு கதிரியக்கத் தனிமம் விடிய விடிய வெளிச்சம் போட்டிருக்கிறது! மட்டாஞ்சேரியிலிருந்து அதிகத் தூரமில்லாத ஆலுவாவில், மோனசைட்டிலிருந்து தோரியத்தைப் பிரிக்கும் ஆலையை 1952-ல் நேருவே வந்து திறந்துவைத்தார்.

சரி, அந்த மணலின் மேலேயே பிறந்து, தவழ்ந்து, மீன் காயவைத்து, கிழவராகிறவர்கள் கதி? மட்டாஞ்சேரியிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் கருநாகப்பள்ளி. சவற, நீண்டகர என்று கடலோரப் பஞ்சாயத்துகள். நிலத்திலிருந்து வரும் கதிர்வீச்சு உலகில் பொதுவாக ஆண்டுக்கு அரை மில்லிகிரே அளவுதான் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு கிரே; அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லிகிரே). இங்கே மோனசைட் நிறைந்த பகுதிகளில் சுமார் 4. சில இடங்களில் 70 வரை! திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1990-களில் வீடு வீடாக ஏறி இறங்கி, 3,85,103 பேரின் விவரத்தைப் பதிவு செய்தது. அவர்களில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. நிலத்துக் கதிர்வீச்சு கூடக்கூடப் புற்றுநோயும் கூடுகிறதா என்று கணக்குப் போட்டார்கள். கூடவில்லை! ரகுராம் நாயர் குழு 2009-ல் வெளியிட்ட முடிவு இது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 'கூடவில்லை' என்பதற்கு 'குணமாக்குகிறது' என்று பொருள் இல்லவே இல்லை. அந்த மணலை மூட்டை கட்டி வந்து தலைமாட்டில் வைத்தால் குடல் புற்று கரையும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அந்தப் பேச்சில் கழிகிற ஒவ்வொரு மாதமும் கட்டிக்குத்தான் லாபம்.

இனிதான் உண்மையான ஆச்சரியம். உலகமெங்கும் ஆய்வகங்களில் எச்டி-29 என்று ஒரு செல் குடும்பம் இருக்கிறது. 1964-ல் 44 வயதுப் பெண் ஒருவரின் பெருங்குடல் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்தது. இன்றுவரை கண்ணாடித் தட்டுகளில் பெருகிக்கொண்டே இருக்கிறது. 1993-ல் லாம்பின், ஜாய்னர் முதலியோர் அந்தச் செல்களின் மீது மிகமிகக் குறைந்த கதிர்வீச்சைப் பாய்ச்சினார்கள். அளவு குறைந்தால் சாகிற செல்லும் குறையும், அதுதானே கணக்கு? கணக்கு பொய்த்தது! ஏறத்தாழ அரை கிரேக்குக் கீழே, எதிர்பார்த்ததைவிட அதிகமான செல்கள் மடிந்தன!

எப்படி? காலடி ஓசை கேட்டால்தானே நாய் குரைக்கும்? பெரிய அடி விழுந்தால் செல்லுக்குள் அபாய மணி அடிக்கிறது. செல் பிளவுபடுவதை நிறுத்திவிட்டு, அறுந்த டிஎன்ஏ-வைத் தைக்க உட்கார்ந்துவிடுகிறது. துளி அடிக்கு அந்த மணி சரியாக அடிப்பதில்லை. காயம் இருப்பது தெரியாமலே செல் பிளவுபடப் போகிறது, நடுவழியில் சாகிறது. பூனை நடையில் வந்து ஆளை வீழ்த்துகிற வித்தை!

இதைக் கேட்ட மருத்துவர்கள் சும்மா இருப்பார்களா? கீமோ மருந்து உடம்பில் இருக்கும் நேரம் பார்த்துத் துளிக் கதிர்வீச்சையும் கொடுத்தால், மருந்தின் கை ஓங்குமா என்று பார்க்கத் தொடங்கினார்கள். பரவிவிட்ட குடல் புற்றுநோய்க்கு இத்தாலியில் வழக்கமான கீமோவோடு சேர்த்துச் சிறு அளவில் சோதித்திருக்கிறார்கள். இந்தக் கீமோ கூட்டணிக்கு அப்பால், ஜப்பானில் வேறொரு புற்றுநோயான லிம்ஃபோமாவுக்கு, ஒரு தடவைக்கு 0.1 கிரே என்று சொட்டுச் சொட்டாக உடம்பு முழுவதற்கும் கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்க்கு வெளியேயும், 2020-ல் டெல்லி எய்ம்ஸ், கோவிட் நிமோனியா வந்த 10 பேரின் நுரையீரலுக்கு 0.7 கிரே கொடுத்தது. எல்லாமே முன்னோட்டங்கள்தான். குடல் புற்றுநோய்க்குத் துளிக் கதிர்வீச்சு இன்னும் ஆராய்ச்சி வாசலைத் தாண்டவில்லை; வாசல் வரை வந்ததே எனக்கு மலைப்பாக இருக்கிறது.

வாசலைத் தாண்டி, வீட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது முழு அளவுக் கதிர்வீச்சு. மலக்குடல் புற்றுக்கு அறுவைக்கு முன்னால் ஐந்து நாளில் 25 கிரே, இல்லாவிட்டால் ஐந்தாறு வாரத்தில் 45 முதல் 50 கிரே வரை. கருநாகப்பள்ளியில் 70 மில்லிகிரே இடத்திலேயே ஒருவர் குடியிருந்தாலும், 50 கிரேயை எட்ட எழுநூறு ஆண்டு ஆகும்! ஆனால் சிகிச்சைக் கதிர் உடம்பு முழுக்க அல்ல, இடுப்புப் பகுதியில் மட்டும், பங்கு பங்காக.

கதிர்வீச்சு அறைக்குப் போகுமுன் கையில் என்ன கொடுப்பார்கள் தெரியுமா? தண்ணீர்! அரை மணி, முக்கால் மணிக்கு முன்பே குடித்துவிட்டுச் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். நிரம்பிய மூத்திரப்பை பலூன்போல உப்பி, மேலே தொங்கும் சிறுகுடலைக் கதிர் பாயும் பாதையிலிருந்து தள்ளி வைத்துவிடும். இடுப்பில் ஊசிமுனை அளவு பச்சை குத்திய புள்ளி, அதன் மேல் லேசர் கோடு. கோடி ரூபாய்களில் விலை போகிற இயந்திரம் பக்கத்தில் சுழல, குடலுக்குக் காவல் நிற்பது இரண்டு தம்ளர் தண்ணீர்!