ஆபரேஷன் கதைகளில் விடுபட்ட மூன்று நாட்கள்

மாதக் கடைசி வாரத்தில் வயிற்றுவலி வந்தவர்கள், அடுத்த மாதம் ஒன்றாம் தேதி என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். மணிமங்கலத்திலும் படப்பையிலும் அறை எடுத்துத் தங்கி, ஒரகடம், வல்லம் வடகால் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் பஸ் ஏறுகிற பிள்ளைகள். ஒரு நாள் லீவு போட்டால் அந்த மாதத்து அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும் என்று வலியைத் தள்ளிப்போடுகிறார்கள். குடல்வாலுக்குக் காலண்டர் தெரியாது. வெடித்து, வயிறு முழுக்கச் சீழ் பரவி, பலகை மாதிரி இறுகிய வயிற்றோடு இரண்டு பேர் தோளில் கை போட்டு வருகிறான் இருபத்திரண்டு வயதுப் பையன். பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்து, "உடனே ஆபரேஷன் பண்ணணும்" என்றால், கூட வந்தவன் என்னைத் தனியாகக் கூப்பிடுகிறான்.

"ஆபரேஷன் வேணாம் சார். எங்க ஊர்ல ஒரு அண்ணன் ஆபரேஷன் பண்ணித்தான் செத்தாரு."

"அவருக்கு வலி என்னைக்கு ஆரம்பிச்சுது?"

"அது ஒரு மூணு நாள் முன்னாடியே இருந்துச்சு சார்."

கதை எங்கே தொடங்குகிறது

ஊரில் உலவும் ஆபரேஷன் கதைகள் எல்லாமே தியேட்டர் வாசலில்தான் தொடங்குகின்றன. "நல்லாத்தான் நடந்து போனாரு, உள்ளே கொண்டுபோனாங்க, அப்புறம் எழுந்திரிக்கவே இல்லை." வீட்டில் படுத்துக் கிடந்த மூன்று நாள் அந்தக் கதையில் இருக்காது. ஓமத்திரவம் குடித்தது, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கியது, யாரோ வயிறு தடவிவிட்டது எதுவுமே வராது. கத்தி மட்டும் வரும்.

சீக்கிரம் வந்தவர்களுக்குச் சொல்லக் கதையே கிடையாது. காலையில் வலி, மாலையில் ஸ்கேன், இரவில் நுண்துளை அறுவை, இரண்டு மூன்று நாளில் வீடு. சில வாரம் கழித்து அவன் லைனில் நிற்பான். வயிற்றில் மூன்று சின்னத் தழும்பு இருப்பது பக்கத்துப் பாயில் படுப்பவனுக்கே தெரியாது. ஆக, ஊரில் சுற்றுவது தாமதமாக வந்தவர்களின் கதை மட்டும். அதைக் கேட்டுப் பயந்து அடுத்தவன் இன்னும் தாமதமாக வருகிறான். அவனும் ஒரு கதை ஆகிறான்.

அறுவையில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்டு. ஆனால் வெடிக்காத குடல்வாலை எடுப்பதும், வெடித்துச் சீழ் பரவிய வயிற்றைக் கழுவுவதும் ஒரே ஆபரேஷன் என்று நினைக்கக் கூடாது. வலி தொடங்கிய முதல் ஒன்றரை நாளுக்குப் பிறகு வெடிக்கும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும்.

"கேஸ்தான், சரியாயிடும்"

தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி நிற்கும் வலி, கூடவே பசியின்மை, குமட்டல், லேசான காய்ச்சல். இதற்கு இங்கே முதலில் செய்யும் வைத்தியம் சோடா. அடுத்தது மெடிக்கல் ஷாப்பில் "ஒரு செட் மாத்திரை குடுங்க அண்ணே". காகிதத்தில் மடித்த அந்த செட்டில் ஒரு வலி மாத்திரை, ஒரு வாய்வு மாத்திரை, பெரும்பாலும் ஒரு ஆன்டிபயாடிக். ஒரு வேளைக்கு, இரண்டு வேளைக்கு. அது நோயைத் தீர்க்காது. நோயின் அடையாளத்தை மட்டும் அழித்துவிடும். நான் வயிற்றை அமுக்கிப் பார்க்கும்போது சொல்லவேண்டிய வலியை அது வாயடைத்து வைத்திருக்கும்.

அதைவிட மோசம் விளக்கெண்ணெய். "மலம் கழிஞ்சா வலி போயிடும்" என்று பாட்டி கொடுப்பார். அழற்சி கண்ட குடலையும், அடைபட்ட குடலையும் பேதி கொடுத்து முறுக்குவது வெடிப்பை நாமே வரவழைப்பது. குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் போட்டு வயிற்றைத் தடவி, தட்டி, குழந்தைகளைத் தலைகீழாகத் தூக்கி உலுக்குகிறார்களே, அதைப் பார்க்கும்போது எனக்கு வரும் கோபத்தை இங்கே எழுத முடியாது.

இன்னொன்று. மூன்று நாள் வலித்த வயிறு திடீரென்று லேசானால், "விட்டுடுச்சு" என்று சந்தோஷப்படாதீர்கள். குடல்வால் வெடித்த சில மணி நேரம் அப்படித்தான் இருக்கும். பிறகு வயிறு முழுக்க வலிக்கும்.

"ஆன்டிபயாடிக்கிலேயே சரியாகுமாமே, வீடியோவில் பார்த்தேன்" என்பவர்களும் வருகிறார்கள். உண்மைதான், சிக்கலில்லாத ஆரம்பநிலை அழற்சி சிலருக்கு அப்படி அடங்கும். அதை முடிவு செய்வது ஸ்கேன் பார்த்த அறுவை மருத்துவர். மருந்து ஏறுவது மருத்துவமனைப் படுக்கையில், மணிக்கணக்கில் கவனித்தபடி. பாதி அட்டை மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நைட் ஷிஃப்ட் போவதற்கு அந்த ஆராய்ச்சிகளில் இடம் இல்லை.

விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அடிவயிற்று வலி என்றாலே மாதவிலக்கு வலி என்று வெந்தயத்தை விழுங்கிவிட்டுப் படுக்கிறீர்கள். வழக்கமான வலி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். திடீரென ஒரு பக்கமாகக் குத்தி, வாந்தியோடு, நிற்க முடியாமல் வரும் வலி அது இல்லை. சினைப்பையில் கட்டி இருந்து அது முறுக்கிக்கொண்டால், சில மணி நேரத்தில் அவிழ்த்துவிட்டால் சினைப்பை பிழைக்கும். இல்லையென்றால் வெட்டி எடுக்கவேண்டியதுதான். "அப்பா ஊரிலிருந்து வந்து கையெழுத்துப் போடட்டும்" என்று வார்டன் ஒரு இரவு முழுக்கக் காத்திருக்க வைத்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். பதினெட்டு வயது நிறைந்தவர் தன் அறுவைக்குத் தானே சம்மதம் தரலாம். அப்பாவுக்கு ஃபோன் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டியில் ஏறிய பிறகு போடுங்கள்.

வெளியே சொல்லாத வீக்கம்

1910 ஜனவரியில் 22 வயது இளைஞர் ஒருவருக்கு விரைவீக்கத்துக்கு அறுவை நடந்தது. குடும்பத்தில் காசு இல்லாததால் தள்ளிக்கொண்டே போன அறுவை. கடைசியில் ஒரு மருத்துவர் கட்டணம் வாங்காமல் செய்து கொடுத்தார். அந்த இளைஞர் கணித மேதை ராமானுஜன். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று காசு அவ்வளவு பெரிய தடை இல்லை, வெட்கம்தான் தடை.

லோடு ஏற்றும் வேலை செய்பவர்களிடம் குடலிறக்கம் அதிகம் பார்க்கிறேன். தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்கு வந்து, படுத்தால் உள்ளே போகும். வருஷக்கணக்கில் யாரிடமும், மனைவியிடமும்கூடச் சொல்லாமல், பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்குகிறார்கள். பெல்ட் ஓட்டையை அடைக்காது. ஒருநாள் வெளியே வந்த குடல் உள்ளே போகாமல் சிக்கிக்கொள்ளும். வீக்கம் கல்லாகி, தொட முடியாமல் வலித்து, வாந்தி எடுத்தால் ஆறு மணி நேரம்கூட அதிகம். ரத்த ஓட்டம் நின்ற குடல் அழுகத் தொடங்கும். அந்த நிலையில் வீட்டில் அதை அமுக்கி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள்.

அறுவை செய்தால் ஆண்மை போய்விடும், குழந்தை பிறக்காது, உள்ளே வைக்கும் வலையை உடம்பு ஏற்காது என்பதெல்லாம் பேச்சு. விந்துக் குழாயையும் ரத்தக் குழாயையும் ஒதுக்கிப் பாதுகாத்துத்தான் இந்த அறுவையைச் செய்கிறார்கள். நாலிலிருந்து ஆறு வாரம் கனம் தூக்காமல் இருந்தால், பிறகு பழைய வேலைக்கே போகலாம்.

தாம்பரம் பக்கம் போகும் எல்லாச் சுவரிலும் ஒரு விளம்பரம் பார்த்திருப்பீர்கள்: மூலம், பௌத்திரம், விரைவீக்கம், ஆபரேஷன் இல்லாமல் குணம். என்ன மருந்து என்று தெரியாத ஒன்றை ஊசியில் ஏற்றி, ஆசனவாய் வெந்து, மலத்தை அடக்க முடியாமல் ஆனவர்களைக் கண்டிருக்கிறேன். அந்தச் சுவர்களில் மருத்துவரின் பதிவு எண் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

விரல் துண்டானால்

கூரம் செப்பேட்டில் பல்லவர் போர்க்களமாகப் பெயர் பதிந்த ஊர் மணிமங்கலம். இன்று இங்கே வரும் வெட்டுக் காயங்கள் பவர் பிரஸ்ஸிலிருந்து வருகின்றன. உற்பத்தி எண்ணிக்கைக்காக சென்சாரை மறித்துவிட்டு ஓட்டும் மெஷினில் இரவு மூன்று மணிக்குக் கண் அயர்ந்தால் ஒரு நொடி போதும்.

அந்த நேரத்தில் கூட நிற்பவர்கள் செய்வதைக் கேளுங்கள். காயத்தில் காபித்தூள், மஞ்சள்தூள். மணிக்கட்டில் ஒயரைச் சுற்றி இறுக்கிய கட்டு. துண்டான விரலை ஐஸ் தண்ணீரில் போட்டு, டிபன் பாக்ஸில் மிதக்கவிட்டு எடுத்து வருகிறார்கள். ஐஸில் நேராகப் பட்ட விரல் உறைந்து சாகும், தண்ணீரில் ஊறியது உப்பிப் போகும். பிறகு எந்த மருத்துவராலும் அதை ஒட்ட முடியாது.

சரியான முறை இவ்வளவுதான். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்குங்கள். மோதிரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் இருக்கும் இன்னொரு பைக்குள் வையுங்கள். விரலில் ஐஸ் படக் கூடாது. நசுங்கிவிட்டது, இதை எங்கே ஒட்டப்போகிறார்கள் என்று நீங்களே தீர்ப்பு எழுதிக் குப்பையில் போடாதீர்கள். குளிரில் வைத்த விரல் மணிக்கணக்கில் தாங்கும். கையோ முன்கையோ என்றால் அதில் தசை இருப்பதால் நேரம் இன்னும் குறைவு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971-ல் கைக்கென்றே தனி அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அதுவும் அரசு மருத்துவமனையில். நம் பக்கத்திலேயே இருக்கிறது.

இதைவிட என்னைப் பயமுறுத்துவது ரத்தமே வராத காயம். கிரீஸ் கன், ஹைட்ராலிக் குழாய், பெயின்ட் ஸ்பிரே இவற்றின் முனையில் விரல் பட்டு, ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி மட்டும் இருக்கும். வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தப் புள்ளி வழியாக அதிக அழுத்தத்தில் எண்ணெய் உள்ளங்கை வரைக்கும் பாய்ந்திருக்கும். அன்றே திறந்து கழுவாவிட்டால் விரலை எடுக்கவேண்டி வருவது அபூர்வமில்லை. எதில் குத்தியது என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கம்பெனி பெயர் கெட்டுவிடும் என்று "கதவுல நசுங்கிடுச்சு" என்று சொல்லச் சொல்வார்கள். சொல்லாதீர்கள்.

மயக்க மருந்தின் மேல் விழும் பழி

ஆபரேஷன் முடிந்து இரண்டாம் மூன்றாம் நாள், படுத்திருந்தவர் எழுந்து கத்துவார், இல்லாத ஆளோடு பேசுவார், ட்ரிப்ஸைப் பிடுங்குவார். "மயக்க மருந்து குடுத்து மூளையைக் கெடுத்துட்டாங்க" என்று வார்டே கூடிவிடும். பெரும்பாலும் காரணம் வேறு. தினமும் குடித்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று சாராயம் நின்றதன் விளைவு அது, உயிருக்கே ஆபத்தானது. முன்கூட்டியே தெரிந்தால் மருந்து கொடுத்துத் தடுத்திருப்போம். மனைவி பக்கத்தில் நிற்கிறாரே என்று "எப்பவாச்சும் சார்" என்பார்கள். குடி, ஹான்ஸ், பீடி, நாட்டு மருந்துப் பொடி எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். நாங்கள் திட்டமாட்டோம். சரி, கொஞ்சம் திட்டுவோம்.

முதுகில் போடும் ஊசியால் ஆயுசுக்கும் முதுகுவலி என்பதும் அப்படித்தான். சிலருக்குச் சில நாள் தலைவலி வரும். வருஷக்கணக்கான வலிக்கு நின்றபடியே செய்யும் பன்னிரண்டு மணி நேர வேலையைக் கேளுங்கள்.

வெறும் வயிறு என்று சொன்னால் வெறும் வயிறு. "ஒரு வாய் காபிதானே" என்று அத்தை ஃப்ளாஸ்க்கில் கொண்டுவந்த காபி, மயக்கத்தில் வாந்தியாகி நுரையீரலுக்குள் போனால் ஆளையே கொன்றுவிடும். பால் கலந்த காபி சாப்பாட்டுக் கணக்கில் சேரும்.

முட்டை என்ன பாவம் செய்தது

முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், புளிப்பு தின்றால் தையல் பழுக்கும், தண்ணீர் அதிகம் குடித்தால் தையல் பிரியும். இந்தப் பட்டியலை நம்பி ரசஞ்சாதம் மட்டும் தின்று, தோல் சுருங்கி, ஆறாத புண்ணோடு வருகிறார்கள். தோல் கூடுவதற்குப் புரதம் வேண்டும்: முட்டை, பருப்பு, மீன், பால். எலுமிச்சை, நெல்லிக்காயில் இருக்கும் வைட்டமின் சி இல்லாமல் புண் ஆறாது. சீழ் பிடிப்பது கிருமியால், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையால், பீடியால். காயத்தில் பவுடர், விபூதி, வேப்பெண்ணெய் எதையும் போடாதீர்கள். காய்ச்சல், நாற்றம், சிவந்த வீக்கம் வந்தால் தையல் பிரிக்கும் நாள்வரை காத்திருக்காமல் வாருங்கள்.

லீவு கேளுங்கள், தயவுசெய்து

நீங்கள் ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். வேலை போய்விடும் என்ற பயம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் உங்கள் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் சரி. ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் வேலை செய்திருந்தால், நோய் விடுப்புக்கு வருஷத்தில் 91 நாள்வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். வேலையில் அடிபட்டதென்றால் 90 சதவீதம், அதற்கு 78 நாள் கணக்கும் இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. எண்ணை ஃபோனில் படம் பிடித்து வையுங்கள், ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் அனுப்புங்கள். மெடிக்கல் ஷாப் அண்ணன்களே, வயிற்றுவலிக்கு செட் மாத்திரை கேட்டு வருபவனைக் கையைப் பிடித்து அனுப்பிவையுங்கள். உங்களுக்கு முப்பது ரூபாய் வியாபாரம், அவனுக்கு ஒரு குடல்.

லைன் சூப்பர்வைசர்களிடம் கும்பிட்டுக் கேட்கிறேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் குனிந்து நின்றால் "ஷிஃப்ட் முடியட்டும்" என்று சொல்லாதீர்கள். அவன் ஒடிசாக்காரனாக இருந்து பாஷை புரியாவிட்டாலும், குனிந்து நிற்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். 108-ஐக் கூப்பிடுங்கள், தாமதமானால் கம்பெனி வண்டியையே எடுங்கள். போகும் வழியில் பாவம் பசியோடு இருக்கிறான் என்று படப்பையில் நிறுத்தி டீ மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.